சிங்கப்பூர் நேர்முகத் தேர்வில் சம்பளக் கேள்விக்கு என்ன சொல்வது?

நேர்முகத்துக்கு இரவு பகலாகப் படித்துவிட்டுப் போகிறவர்கள்கூட "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டதும் திணறிவிடுகிறார்கள். வெளிநாட்டவருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ் (நிபுணர், நிர்வாகி வேலைகளுக்கான அனுமதி) கிடைப்பதே அந்தத் தொகையைப் பொறுத்துத்தான் என்பதால், முதலில் இதற்குத் தயாராகுங்கள்.

ஆண்டுக்கு இத்தனை லட்சம் என்று பேசாதீர்கள். இங்கே மாதக் கணக்கு, வெள்ளியில், அதாவது சிங்கப்பூர் டாலரில். 2025 ஜனவரி முதல் புதிய விண்ணப்பத்துக்குக் குறைந்தபட்சம் 5,600 வெள்ளி, நிதித் துறையில் 6,200. ஆனால் அது 23 வயதுக்கான தொகை! வயதுக்கேற்ப ஏறி, நிதி அல்லாத துறைகளில் 45 வயதில் 10,700 ஆகிறது. முப்பத்தைந்து வயதுக்காரர் 5,600 போதும் என்றால் நிறுவனத்துக்கு அதில் லாபமில்லை, பாஸே வராது. கணக்கில் சேர்வது அடிப்படைச் சம்பளமும் மாதாமாதம் மாறாமல் வரும் படிகளும் மட்டும்தான். போனஸ், ஓவர்டைம், 13ஆம் மாதச் சம்பளம் எதுவும் சேராது. வரம்புகள் அவ்வப்போது உயரும். அதனால் போவதற்கு முந்தின நாள் மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் உள்ள சுயமதிப்பீட்டுக் கருவியில் உங்கள் வயதையும் படிப்பையும் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது காம்பஸ், அதாவது பாஸ் விண்ணப்பத்தை மதிப்பிடும் புள்ளி முறை. பெரும்பாலோருக்கு 40 புள்ளிகள் வேண்டும். சம்பளம், படிப்பு, நிறுவனத்தில் உங்கள் நாட்டவரின் விகிதம், உள்ளூர்வாசிகளின் விகிதம் ஆகிய நான்கிலும் தலா 0, 10 அல்லது 20 கிடைக்கும். நம்மவர்கள் மாட்டிக்கொள்வது மூன்றாவதில். அந்த நிறுவனத்தின் நிபுணர், நிர்வாகிகளில் கால்வாசியோ அதற்கு மேலோ இந்தியர்களாக இருந்தால் இந்தியக் குடிமகனுக்கு அதில் பூஜ்யம். அந்தக் குறையைச் சம்பளத்திலும் படிப்பிலும் ஈடுகட்ட வேண்டியிருக்கும். பட்டத்துக்குப் புள்ளி வாங்க சரிபார்ப்புச் சான்று கேட்பார்கள், மதிப்பெண் பட்டியல்களை இப்போதே ஸ்கேன் செய்து வையுங்கள்.

துணைவரின் பாஸில், அதாவது டிபென்டன்ட் பாஸில், இருப்பவர்கள் அதை முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். 2021 மே முதல் வேலைக்குச் சேர, முன்பு அமைச்சு தந்துவந்த இசைவுக் கடிதம் போதாது, நிறுவனம் தனியாக வேலை பாஸ் எடுக்க வேண்டும். கடைசிச் சுற்றில் சொன்னால் எல்லோருடைய நேரமும் வீண்.

எப்போது சேர முடியும் என்றும் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் காலத்தை அப்படியே சொல்லுங்கள்.

தேர்வு முடிந்து இரண்டு வாரம் பதில் வரவில்லையென்றால் பதற வேண்டாம். பெரும்பாலான நிறுவனங்கள் பாஸுக்கு விண்ணப்பிக்கும் முன் மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரம் செய்தாக வேண்டும். அந்த விளம்பரத்தின் தேதியைப் பார்த்துவிட்டு மனிதவளப் பிரிவுக்கு எழுதுங்கள்.