எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம். மகனுக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு என்று உறுதியானதும் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். கட்டி எதுவும் இல்லை, அதுவே பெரிய நிம்மதி. ஆனால் பிட்யூட்டரியின் (மூளைக்கு அடியில் ஹார்மோன்களைச் சுரக்கும் சிறு சுரப்பி) முன்பகுதி சிறியதாக இருக்கிறதாம், அதை மூளையோடு இணைக்கும் தண்டும் மெல்லியதாம். பின்பகுதியைக் காட்டும் வெள்ளைப் புள்ளி, இருக்க வேண்டிய குழியில் இல்லாமல் மேலே ஹைப்போதலாமஸ் (பிட்யூட்டரியைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி) பக்கம் தெரிகிறது என்று எழுதியிருக்கிறார்கள். இப்படி இருந்தால் தைராய்டு, கார்டிசால் (உடம்பு நோயைத் தாங்க உதவும் ஹார்மோன்) அளவுகளும் பின்னாளில் குறையலாம், விடாமல் கவனிக்க வேண்டும் என்றார் டாக்டர்.

இதே மாதிரி ரிப்போர்ட் வந்த பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இருக்கிறீர்களா? மற்ற ஹார்மோன்களை எவ்வளவு இடைவெளியில் பரிசோதிக்கிறீர்கள்? காய்ச்சல், வாந்தி வந்தால் தனியாக ஏதாவது செய்யச் சொன்னார்களா? (வளர்ச்சி ஹார்மோன் ஊசியின் டோஸ் பற்றிக் கேட்கவில்லை, அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.) அப்புறம், மறுபடி ஸ்கேன் தேவைப்பட்டதா? அந்தச் சத்தத்தில் இவன் அசையாமல் படுக்கவே மாட்டேன் என்றதால் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுத்தார்கள்.