புது அட்வென்ச்சர் டூரருக்கு மாறினவங்க சொல்லுங்க: தினசரி ஓட்டம், லாங் ரைடு ரெண்டும் எப்படிப் போகுது?

நெடும்பாதை:
பல வருஷமா ஒரு 150 சிசி கம்யூட்டர்தான் ஓட்டினேன். இப்போ ராயல் என்ஃபீல்டோட ஹிமாலயன் 450 எடுத்திருக்கேன், நெடுந்தூரம், மண்ரோடு ரெண்டுக்கும் செஞ்ச அட்வென்ச்சர் டூரர் ரகம், வேலைக்கும் இதே, லீவு கெடச்சா ஊர் சுத்தவும் இதே, இன்னொரு வண்டி நிறுத்த இடமும் இல்ல. புக் பண்ணதுலேர்ந்து பாக்கறவங்க எல்லாம் கேக்கறது எங்க டூர் போகப்போறன்னுதான். ஆனா இந்த வண்டி ஓடப்போற கிலோமீட்டர்ல பெரும்பகுதி சிக்னலுக்கும் சிக்னலுக்கும் நடுவுலதானே, அத ஒருத்தரும் கேக்கல. அதனால அந்தக் கதையவே மொதல்ல எழுதறேன்.

எடை 196 கிலோ, சீட் உயரம் 825 மிமீ. படிக்கும்போது வெறும் நம்பர்தான், சைடு ஸ்டாண்ட்லேர்ந்து நிமித்தும்போதுதான் அந்த நம்பர் இடுப்புல தெரியும். ஆனா ஓட ஆரம்பிச்சு ஒரு 20 கிமீ வேகம் வந்துட்டா எடை எங்க போச்சுன்னே தெரியாது. விஷயம் எல்லாம் நடை வேகத்துலதான். பழைய வண்டில யு டர்ன்னா ஒரு கால ஊனித் தள்ளிட்டுப் போயிடுவேன், இதுல அந்த வேலையே ஆகாது. முன் பிரேக்க தொடாம, பின் பிரேக்க லேசா மிதிச்சுக்கிட்டே ஹாஃப் கிளட்ச்ல வச்சு, தலையத் திருப்பி போகவேண்டிய எடத்தப் பாத்தா வண்டி அதுவா வட்டம் அடிக்குது. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்க புடிச்சா மட்டும் சட்டுனு உள்பக்கமா சாயும். காலியா இருந்த பார்க்கிங்ல விடியக்காலைல போயி இத மட்டுமே பழகினேன், வாட்ச்மேன் என்ன நெனச்சாரோ தெரியல.

இனி நல்ல பக்கம். உயரமா ஒக்காந்திருக்கறதால முன்னாடி நிக்கற காருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு தெரியுது, அதுவே பாதி நிம்மதி. முன் சக்கரம் 21 இஞ்ச், சஸ்பென்ஷன் டிராவல் (அமுங்கி எழும்பற தூரம்) 200 மிமீ, குழிய பாத்து வளைஞ்சு வளைஞ்சு போற பழக்கமே மறந்துபோச்சு. ஒரே ஒரு தொல்லை, ஹேண்டில் அகலம். கண்ணாடி சரியா எஸ்யூவி கண்ணாடி உயரத்துக்கு வருது, முன்ன பூந்து போன சந்துல இப்போ நின்னு யோசிக்கணும்.

உங்க அனுபவத்த எழுதுங்க, முக்கியமா கால் சரியா எட்டாதவங்க.

குட்டைக்கால்:
கூப்பிட்டீங்க, வந்துட்டேன். என் உயரம் 158 செமீ, வண்டி சுசுகி வி-ஸ்ட்ரோம் 250 எஸ்எக்ஸ், சீட் 835 மிமீ. ரெண்டு காலையும் ஊனணும்னு பாத்தா கட்டைவிரல் நுனிதான் தொடும், அந்த நெனப்ப விட்டுட்டேன். நிக்கறதுக்கு முன்னாடியே இடுப்ப சீட்ல லேசா இடது பக்கம் நகத்திடுவேன், இடது பாதம் முழுசா தரைல, வலது கால் பின் பிரேக் மேலயே இருக்கும். ஒரு கால் முழுசா ஊனினா போதும், ரெண்டு காலும் நுனில நிக்கறதவிட அது எவ்வளவோ கெட்டி.

இன்னொண்ணு, சீட் உயரத்த மட்டும் பாத்து வண்டிய ஒதுக்காதீங்க. சீட் முன்பக்கம் எவ்வளவு ஒடுக்கமா இருக்குங்கறது அதே அளவுக்கு முக்கியம். 800 மிமீ உயரத்துல அகலமான சீட்ல கால் விரிஞ்சு எட்டாம போகும், 835ல ஒடுக்கமான சீட்ல எட்டிடும். வெயிட்டும் பாருங்க, என்னுது 167 கிலோ, கொஞ்சம் சாஞ்சாலும் தாங்கிப் புடிக்க முடியுது.

வண்டியோட பின்பக்கத்த எறக்கி சீட் உயரத்தக் குறைக்கற லோயரிங் லிங்க் போடச் சொல்லி ஆளாளுக்கு அட்வைஸ் குடுத்தாங்க, நான் போடல. போட்டா கிரவுண்ட் கிளியரன்ஸ் குறையும், முன்பக்கத்தையும் சேத்து எறக்கலைன்னா ஹேண்ட்லிங் மாறிடும், சைடு ஸ்டாண்ட் வேற அதே நீளத்துல இருக்கறதால வண்டி நேரா நின்னு காத்தடிச்சா அந்தப் பக்கம் விழப்பாக்கும். அதுக்கு பதிலா சீட் ஃபோம முன்பக்கம் கொஞ்சம் செதுக்கி வாங்கினேன், சோல் தடியா இருக்கற ரைடிங் ஷூ ஒண்ணு. அவ்வளவுதான் செலவு.

இன்னும் ஒரு விஷயம், நிக்கற எடத்த தேர்ந்தெடுக்கறது. ரோடு ஓரம் சரிவா இருந்தா கால் போற பக்கம் மேடா இருக்கணும். இது இப்போ யோசிக்காமலே வருது, ஆனா சரளைக்கல் கொட்டின சிக்னல்ல இன்னமும் வயித்துல ஒரு பயம் வரத்தான் செய்யுது.

பழைய ட்வின்:
நான் எதிர்க்கட்சி. பெரிய ரெண்டு சிலிண்டர் அட்வென்ச்சர் வச்சிருந்தேன், பேர் வேணாம், தினமும் அதுலதான் வேலைக்குப் போனேன். ஹைவேல அந்த மாதிரி சுகம் கெடையாது, காலைல கெளம்பி பொழுது சாயறவரைக்கும் ஓட்டினாலும் முதுகு ஒண்ணும் சொல்லாது. ஆனா டிராபிக்ல மாட்டினா ஃபேன் ஓட ஆரம்பிச்சு முழங்காலுக்குக் கீழ சூடான காத்து அடிச்சிக்கிட்டே இருக்கும், 240 கிலோவ பேஸ்மென்ட் பார்க்கிங்ல முன்ன பின்ன உருட்டணும், பக்கத்துல ஸ்கூட்டர நெருக்கி நிறுத்திட்டுப் போயிட்டா அவங்க வர்றவரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். கடைசில வித்துட்டு சின்ன 400 சிசி கிளாஸுக்கு எறங்கிட்டேன், வருத்தம் இல்ல. ரெண்டு வேலைக்கும் ஒரே வண்டின்னா அது நடுத்தர வண்டியாத்தான் இருக்கணும்ங்கறது என் கட்சி.

மண்ரோடு:
அண்ணே, அப்படி ஒரேயடியா சொல்லிட முடியாது. இந்த ரகமே பெரிய இன்ஜின்லதானே பேர் வாங்குச்சு. 1980ல பிஎம்டபிள்யூ ஆர்80 ஜி/எஸ் வந்தப்போ 800 சிசி வண்டிய மண்ணுல எவன் ஓட்டுவான்னு கேட்டவங்க உண்டு, அடுத்த வருஷமே ஹ்யூபர்ட் ஓரியோல் அந்த வம்சத்து வண்டில பாலைவனம் தாண்டற பாரிஸ்-டக்கார் ரேஸ ஜெயிச்சார். ஹோண்டாவோட என்எக்ஸ்ஆர்750 1986லேர்ந்து 89 வரைக்கும் வரிசையா 4 தடவ ஜெயிச்சுது, அந்தப் பேர வச்சுத்தான் 1988ல ஆப்பிரிக்கா ட்வின் கடைக்கு வந்துது.

பழைய ட்வின்:
தம்பி, டக்கார்ல பேஸ்மென்ட் பார்க்கிங் இல்ல.

ஸ்ப்ரிங்கு:
ஹாஹா. சண்டைய நிறுத்திட்டு ஒரு உருப்படியான விஷயம் பேசலாமா. புது வண்டி எடுத்தவங்கள்ல பெரும்பாலானவங்க ப்ரீலோட, அதாவது சஸ்பென்ஷன் ஸ்ப்ரிங்க முன்கூட்டியே எவ்வளவு இறுக்கி வைக்கறோம்ங்கற செட்டிங்க, தொடறதே இல்ல, கம்பெனி செட்டிங்லயே ஓட்டிட்டு பின்னாடி குத்துது, முன்னாடி மெதக்குதுன்னு சொல்றாங்க. அந்த செட்டிங் ஏதோ ஒரு எடைய மனசுல வச்சு செஞ்சது, உங்க எடை அதுவா இருக்கணும்னு அவசியம் இல்ல.

அளக்கறது சுலபம். பின் சக்கரம் தரைல படாம தூக்கி நிறுத்தி ஆக்சில்லேர்ந்து நேர் மேல பாடில ஒரு புள்ளி வரைக்கும் டேப் புடிங்க. அப்புறம் ஹெல்மெட் ஜாக்கெட் எல்லாம் போட்டு நீங்க ஏறி ஒக்காருங்க, இன்னொருத்தர் அதே எடத்த அளக்கட்டும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் மொத்த டிராவல்ல சுமார் 30 சதவீதம் இருக்கணும், அதாவது 200 மிமீ டிராவல்னா 60 கிட்ட. அதவிட ரொம்ப அமுங்கினா ப்ரீலோட ஏத்துங்க, அமுங்கவே இல்லன்னா எறக்குங்க. பின்னாடி ஆளும் பொட்டியும் ஏறினா மறுபடி ஏத்தணும், இல்லன்னா பின்பக்கம் தாழ்ந்து ஹெட்லைட் வானத்தப் பாக்கும், எதிர்ல வர்றவன் திட்டுவான், வளைவுலயும் முன் சக்கரம் லேசா மெதக்கற மாதிரி இருக்கும்.

அப்படியே செயின். இந்த ரக வண்டில சஸ்பென்ஷன் ரொம்ப அமுங்கும், ஸ்விங்ஆர்ம் பிவட் (பின் சக்கரத்தத் தாங்கற கை மேல கீழ ஆடற அச்சு), முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடற பல்சக்கரம்), பின் ஆக்சில் மூணும் ஒரே கோட்டுல வர்ற எடத்துலதான் செயின் ரொம்ப இறுகும். அதனாலதான் கம்யூட்டர் வண்டியவிட ஸ்லாக் (செயினோட தொங்கல்) அதிகமா விடணும்னு மேனுவல்ல போட்டிருப்பாங்க. பாக்க தொங்கற மாதிரி இருக்குன்னு மெக்கானிக் டைட் பண்ணிட்டா லோடு ஏத்தினதும் செயின் கம்பியா இறுகி கியர்பாக்ஸ் பக்கத்து பேரிங்க சாப்பிட்டுடும். சர்வீஸ் முடிஞ்சு வண்டி வந்ததும் நீங்களே ஒருதடவ அளந்து பாத்துடுங்க.

நெடும்பாதை:
இந்த வாரம் அளந்துடறேன். டாப் பாக்ஸ் போட்டவங்க யாராவது இருக்கீங்களா? வேலைக்குப் போக லேப்டாப் பை, மழைக்கோட்டு எல்லாம் வைக்க வசதின்னு நெனச்சேன்.

காத்துக்கெதிரா:
தினசரிக்கு டாப் பாக்ஸ் மாதிரி வசதி இல்ல, ஹெல்மெட்டையும் பூட்டி வச்சுட்டுப் போயிடலாம். ஆனா லாங் ரைடுக்கு கனமான சாமான் எல்லாத்தையும் அதுலயே அடைக்காதீங்க. அது பின் ஆக்சிலுக்கும் பின்னால, அதுவும் உயரத்துல இருக்கு, கனம் ஏறினா முன்பக்கம் லேசாகி வேகத்துல வண்டி பாம்பு மாதிரி நெளியும். டூல்ஸ், தண்ணி மாதிரி கனமானதெல்லாம் ரெண்டு பக்கப் பையில அடியில, முடிஞ்சவரைக்கும் முன்பக்கமா ஒட்டி வைங்க, மேல துணிமணி மட்டும். மேனுவல்ல மொத்த எடைக்கு ஒரு லிமிட் இருக்கும், அதுல ஓட்டறவர், பின்னாடி ஒக்காறவர், பை, பைய மாட்டற ஃப்ரேம் எல்லாமே சேத்திதான். ரெண்டு பேர் ஏறி அலுமினியப் பொட்டியும் மாட்டினா அந்த லிமிட் நெனச்சதவிட சீக்கிரம் வந்துடும். டிராபிக்ல பக்கப்பொட்டியோட ஓட்டறது வேற கொடும, ஹேண்டில் நுழைஞ்ச எடத்துல பொட்டி நுழையாது. நான் ஊருக்குப் போகும்போது மட்டும் மாட்டறேன்.

எனக்கு பெரிய தலவலி காத்துதான். 80 தாண்டினா ஹெல்மெட் கடகடன்னு ஆடும், ரெண்டு மணி நேரத்துல கழுத்து போயிடும். பெரிய விண்ட்ஷீல்ட் வாங்கலாம்னு இருந்தப்போ ஒருத்தர் ஒரு டெஸ்ட் சொன்னார், காலியான நேரான ரோட்ல கொஞ்சம் எழுந்து நின்னு பாருங்க, சத்தமும் ஆட்டமும் நின்னுட்டா தலைக்கு வர்ற காத்த விண்ட்ஷீல்ட்தான் கலக்கி விடுதுன்னு அர்த்தம். எனக்கு அப்படியே ஆச்சு. உயரமா வாங்கறதுக்கு பதிலா குட்டையா ஒண்ணு போட்டேன், நெஞ்சுல காத்து அடிக்குது ஆனா தலை அசையாம நிக்குது. மண்ணுக்குன்னு மேல தட்டு வச்ச ஹெல்மெட் போடறவங்க ஹைவேக்கு அந்தத் தட்டக் கழட்டிட்டு ஓட்டிப் பாருங்க, வித்தியாசம் உடனே தெரியும்.

குட்டைக்கால்:
விழுந்தா தூக்கறதப் பத்தியும் யாராவது எழுதுங்களேன், புதுசா எடுக்கற பொண்ணுங்க எங்கிட்ட கேக்கற மொதல் கேள்வி அதுதான்.

மண்ரோடு:
அக்கா, நான் சொல்றேன், மண்ணுல அடிக்கடி படுக்கற ஆளு நான். மொதல்ல இன்ஜின ஆஃப் பண்ணுங்க. வலது பக்கம் விழுந்திருந்தா தூக்கறதுக்கு முன்னாடியே சைடு ஸ்டாண்ட வெளிய தட்டி விட்டுடணும், இல்லன்னா தூக்கின வேகத்துல அந்தப் பக்கம் போயி விழும். கியர்ல போட முடிஞ்சா போடுங்க, உருளாது. ஹேண்டில தரைப்பக்கமா முழுசா திருப்பி, சீட்டுல இடுப்பு படற மாதிரி வண்டிக்கு முதுகக் காட்டி குந்துங்க. ஒரு கை ஹேண்டில் கிரிப்ல, இன்னொரு கை கேரியர் கம்பிலயோ ஃப்ரேம்லயோ. முதுக வளைக்காம தொடையால தள்ளி சின்னச் சின்ன அடியா பின்னால நடந்தா ஏறிடும். பக்கப்பொட்டி இருந்தா வண்டி முழுசா படுக்காது, அது ஒரு புண்ணியம். சாயும்போது மட்டும் கால விட்டுத் தாங்கப் பாக்காதீங்க, பாதி தாண்டினா விட்டுட்டு வெலகிடணும், பிரேக் லிவர் உடைஞ்சா மாத்திக்கலாம்.

பழைய ட்வின்:
இத மட்டும் தம்பி சரியா சொல்லியிருக்கான்.

நெடும்பாதை:
கடைசியா டயர். ஸ்போக் வீல்ல டியூப் போட்டு ஓட்டறவங்க பஞ்சருக்கு என்ன பண்றீங்க? சென்டர் ஸ்டாண்ட் இல்லாம சக்கரத்த எப்படிக் கழட்டறது?

காத்துக்கெதிரா:
டியூப்லெஸ்னா பிளக் குத்திட்டு காத்தடிச்சுட்டுப் போயிடலாம், டியூப்னா சக்கரத்தக் கழட்டித்தான் ஆகணும். பக்கப்பையில ரெண்டு டயர் லிவர், சின்ன கம்ப்ரஸர், முன்னுக்கு ஒண்ணு பின்னுக்கு ஒண்ணு டியூப். எடமில்லன்னா முன் டியூப் மட்டும், 21 இஞ்ச் டியூப 17 இஞ்ச் பின் டயர்ல மடிச்சுத் திணிச்சு பக்கத்து ஊர் வரைக்கும் மெதுவா ஓட்டிடலாம், 17 இஞ்ச் டியூப் 21க்குள்ள போகாது. சென்டர் ஸ்டாண்ட் இல்லன்னா சைடு ஸ்டாண்ட்ல நிறுத்தி, எதிர்ப்பக்கம் ஸ்விங்ஆர்முக்கு அடியில ஒரு பலமான கட்டைய முட்டுக் குடுத்தா பின் சக்கரம் தூக்கும், முன் பிரேக் லிவர மட்டும் ஒரு ஸ்ட்ராப்பால இறுக்கிக் கட்டிடுங்க. இதெல்லாம் ரோட்டோரத்துல மொதல் தடவையா செய்யாதீங்க, வீட்டு வாசல்ல ஒருதடவ கழட்டிப் பாருங்க, ஆக்சில் நட்டுக்கு எந்த சைஸ் ஸ்பேனர் வேணும்னு அப்பத்தான் தெரியும், வண்டியோட வர்ற டூல் கிட்ல அது இருக்கான்னும் பாத்துக்கலாம்.