அம்மாவின் குளிசை தீர்ந்துபோன மூன்று நாள்

நாங்கள் இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா 28 வருஷம் கொழுந்து பறித்தவர். மழையில் மலை இறங்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் வெடிப்பு. ஆஸ்பத்திரியில் டிரமடோல் என்ற வலிக் குளிசை 50 மில்லிகிராம் கொடுத்தார்கள். எலும்பு கூடிய பிறகும் அம்மா அதை விடவில்லை. டவுனில் ஒரு பாமசியில் பழைய துண்டைக் காட்டினாலே கிடைத்தது. நாளுக்கு 2 என்றிருந்தது ஒன்றரை வருஷத்தில் 6 ஆனது. "மாத்திரைப் பைத்தியம்" என்று நானே அம்மாவை ஏசியிருக்கிறேன்.

ஆடி மழைக்கு மண் சரிந்து பாதை மூடிக்கொண்டது. வீட்டில் ஒரு குளிசைகூட இல்லை. மறுநாள் விடியும்போதே அம்மா விடாமல் கொட்டாவி விட்டார், கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். தடிமன் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். இரவு வயிற்றாலே போகத் தொடங்கியது. கம்பளி போர்த்தி அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்தேன். நெருப்பு வெளிச்சத்தில் பார்த்தால், கை முழுக்கப் புல்லரித்து, இறகு பிடுங்கிய கோழித் தோல் மாதிரி இருந்தது. அதே நேரம் கழுத்தில் வியர்வை ஓடியது. படுத்தால் கால் இரண்டும் கம்பளியை உதைத்துக்கொண்டே இருக்கும். "எலும்புக்குள்ள எறும்பு ஊருது புள்ள" என்றார். பக்கத்துக் காம்பிரா பெரியம்மா, காத்துக் கருப்பு என்று திருநீறு பூசிவிட்டார். மூன்றாம் நாள்தான் மிகவும் மோசம்.

பாதை திறந்ததும் கொண்டுபோனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "என்ன குளிசை குடிச்சாங்க?" பழகிப்போன உடம்பிலிருந்து அதை ஒரேயடியாய்ப் பிடுங்கினால் இப்படித்தான் செய்யும், ஆசையால் வருவதில்லை என்றார். அங்கேயே அழுதுவிட்டேன். விட்டு நாளான பிறகு பழைய அளவுக்கே திரும்பினால் மூச்சு அடங்கிப்போகலாம், வலிப்பும் வரலாம் என்று எச்சரித்தார். அளவைக் குறைத்துத் திரும்பவும் தொடங்கி, 2 வாரத்துக்கு ஒன்றாகக் கழித்துக்கொண்டு வந்தார். கடைசி ஒரு குளிசையை விடத்தான் ஒரு மாதம் இழுத்தது.

இதைப் படித்த ஒரு தங்கை எழுதிய பதில்: அக்கா, நான் பண்டாரவளை. எங்கள் அப்பாவுக்குச் சாராயம். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டு, அன்றைக்கே நிறுத்தினார். வீடே சந்தோஷப்பட்டது. மறுநாள் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாத நடுக்கம். அதற்கடுத்த நாள் இரவு வலிப்பு. 1990 என்ற எண்ணுக்கு அழைத்து, அம்புலன்ஸ் வந்துதான் காப்பாற்றியது. வார்டிலும், சுவரில் பூச்சி ஊருவதாகச் சொல்லி இல்லாத பூச்சியைத் தட்டிக்கொண்டிருந்தார். சாராயத்தையும் தூக்க மாத்திரையையும் நீண்ட நாள் எடுத்தவர்கள் திடீரென்று விட்டால் உயிரே போகலாம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டோம். இப்போது தோட்டத்தில் யாராவது விடப்போவதாகச் சொன்னால், முதலில் டாக்டரிடம் போகச் சொல்கிறேன், இல்லையென்றால் 1926 என்ற மனநல உதவி எண்ணுக்கு எடுத்துப் பேசச் சொல்கிறேன். அந்த வருஷம் அப்பாவால் தீ மிதிக்க முடியவில்லை. காப்பை வார்டில் வைத்துத்தான் கழற்றினோம்.