கடைசி ஆண்டு ஆட்டங்கள்: என் மனநிலையை மகளிடம் சொல்லலாமா?

கேள்வி:
பள்ளி வாலிபால் அணியில் லிபரோவாக, அதாவது பின்வரிசையில் நின்று பந்தை எடுத்துக் கொடுப்பவளாக, ஆடும் என் மகளுக்கு இது இறுதி ஆண்டு. பள்ளிக்குப் பிறகு ஆடும் எண்ணமில்லை என்று அவளே தெளிவாகச் சொல்லிவிட்டாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால், ஆட்டங்கள் ஒவ்வொன்றாகக் குறையக் குறைய எனக்குத் தொண்டை அடைக்கிறது.

லிபரோ மட்டும் வேறு நிறச் சட்டை அணிய வேண்டும் என்பதால், உள்ளே நுழைந்ததுமே என் கண் அவளிடம் போய் நின்றுவிடும். வலைக்கு மேல் எழும்பி அடிக்கவோ தடுக்கவோ லிபரோவுக்கு அனுமதி இல்லை. தரையைத் தொட ஒரு சாண் இருக்கும்போது பந்தை எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. அடித்துப் புள்ளி எடுத்தவளுக்கு எல்லோரும் கைதட்டும்போது, எடுத்துக் கொடுத்தவளையே நான் பார்த்துக்கொண்டிருப்பேன். சென்ற வாரம் ஆட்டம் ஐந்தாவது செட்டுக்குப் போனது. மற்ற செட்டுகளுக்கு 25 புள்ளிகள், அதற்கு 15தான். வெற்றி தோல்வியை விட்டுவிட்டு, பார்ப்பதற்குப் பத்துப் புள்ளிகள் குறைந்துவிட்டனவே என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவளுடைய முழங்கால் உறை ஒன்று நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. புதிது வாங்கலாமா என்று கேட்டதற்கு, "இன்னும் மூன்று ஆட்டம்தானே அம்மா, தாங்கும்" என்று சாதாரணமாகச் சொன்னாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. இதையெல்லாம் அவளிடம் சொன்னால் அவளுக்குப் பாரமாகிவிடுமா?

மறுமொழி 1:
சொல்லுங்கள் சகோதரி, ஆனால் ஆட்டத்துக்கு முன்பு வேண்டாம். என் மகனின் இறுதி 400 மீட்டர் ஓட்டத்துக்குச் சற்று முன், "இதுதான் கடைசி, நன்றாக ஓடு" என்று நான் சொல்லித் தொலைத்தேன். முதல் 200 மீட்டரிலேயே முழு மூச்சையும் செலவழித்துவிட்டு, கடைசி நேர்பாதையில் கால் எழாமல் திணறினான். அவன் என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மறுமொழி 2:
நான் ஆடியவள். என் கடைசி ஆட்டத்துக்கு, வேலை இருப்பதாகச் சொல்லி அம்மா வரவில்லை. அழுதுவிடுவோமோ என்ற பயத்தில்தான் வராமல் இருந்தார் என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே தெரிந்தது. அதுவரை, அவருக்கு என் விளையாட்டில் அக்கறை விட்டுப்போய்விட்டது என்றே நினைத்திருந்தேன். ஆகவே, கண் கலங்கினாலும் போய் உட்காருங்கள். "பெருமையாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்வதைவிட, அவள் எடுத்த ஏதாவது ஒரு பந்தைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

மறுமொழி 3:
உடற்கல்வி ஆசிரியராகச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். இந்த வருத்தத்தில் பாதி, விடியற்காலை அலாரமும் பக்கத்தில் உட்காரும் மற்றப் பெற்றோரும் இனி இல்லை என்பதற்கானது. அது தவறில்லை, ஆனால் அது உங்களுடையது. அவள் தன் முடிவை மறுபடி யோசிக்கும்படி ஆகிவிடக் கூடாது. பழைய உறையோடே அவள் ஆடட்டும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ஆசிரியர் சொன்னது சுட்டது, ஆனால் உண்மை. நேற்று இரவு சாப்பிடும்போது, ஐந்தாவது செட்டில் பின்கோட்டருகே அவள் பாய்ந்து எடுத்த பந்தைப் பற்றிச் சொன்னேன். "அதுவா? அதற்கு அடுத்ததை விட்டேனே, அதுதான் எனக்கு ஞாபகம்" என்று சொல்லி, தட்டையும் தண்ணீர்க் குவளையையும் நகர்த்தி, யார் எங்கே நின்றிருந்தார்கள் என்று காட்டத் தொடங்கிவிட்டாள்.