மேசை ரேடியோவில் ஏ.எம். இரைச்சல்: எந்த அடாப்டர் போடலாம்?

பழைய பாணி மரப்பெட்டி ரேடியோ, 6 வோல்ட். நாலு பெரிய பேட்டரி போட்டால் ஏ.எம். சுத்தமாகக் கேட்கிறது. ஸ்விட்சிங் அடாப்டரை (போன் சார்ஜர் மாதிரி லேசான வகை) செருகினால் டயல் முழுக்க 'உர்ர்'. எஃப்.எம்.மில் இந்தத் தொல்லை இல்லை. பக்கத்து எல்.இ.டி. விளக்கு, போன் சார்ஜர் எல்லாம் அணைத்துப் பார்த்தாயிற்று. பெட்டியைத் திருப்பினால் நிலையம் கூடிக் குறைகிறது, இரைச்சல் அசையவில்லை. (ஏரியலை நீட்டச் சொல்லாதீர்கள், அது எஃப்.எம்.முக்கு. ஏ.எம். அலையைப் பிடிக்க உள்ளே ஃபெரைட் என்ற காந்தப் பொருளில் செய்த தண்டு இருக்கிறது.)

அடாப்டர் ஒயரை ஃபெரைட் வளையத்தில் ஐந்தாறு சுற்று சுற்றினால் தீருமா, இல்லை டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கனமான அடாப்டரே வேண்டுமா? ரெகுலேட்டர் (வோல்டேஜை நிலையாக வைக்கும் பகுதி) இல்லாததில் லோடு குறைந்தால் வோல்டேஜ் ஏறிவிடும். 7806 (6 வோல்ட் ரெகுலேட்டர் சிப்) உள்ளதாக இருந்தால் நல்லது. என் செட்டுக்கு அடாப்டர் பின்னின் நடுவில் மைனஸ் வர வேண்டும், மாற்றிப் போட்டால் செட் போச்சு. போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.