நிற்கும்போது ஏசி கட் ஆகிறது, ஹைவேயில் நன்றாகக் குளிர்கிறது: ஸ்லீப்பர் பஸ்களில் எங்கிருந்து பார்ப்பது?

ஷெட்_பொறுப்பாளர்

வணக்கம். சென்னை–நாகர்கோவில் தடத்தில் ஓடும் 14 ஏசி ஸ்லீப்பர் பஸ்களின் பராமரிப்பு என் பொறுப்பில் இருக்கிறது. எல்லாமே 12 மீட்டர் வண்டிகள். கூரை மேல் யூனிட், மெயின் எஞ்சினிலிருந்து பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசர், 24 வோல்ட், குளிர்விக்கும் கேஸ் ஆர்-134ஏ.

இதில் 5 வண்டிகளில் ஒரே புகார். கிளாம்பாக்கத்தில் ஆள் ஏற்றும்போது அரை மணி நேரம் ஐடிலில் நின்றால் குளிர்ச்சி போய்விடுகிறது. கம்ப்ரசர் கட் ஆகி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் பிடிக்கிறது. ஹைவே ஏறிவிட்டால் புகாரே இல்லை.

ஷெட்டில் மாலை 4 மணிக்கு, வெளியே 37 டிகிரி இருக்கும்போது ஐடிலில் கேஜ் மாட்டிப் பார்த்தது: லோ சைடு (கேஸ் கம்ப்ரசருக்குத் திரும்பி வரும் பக்கம்) 48 பிஎஸ்ஐ, ஹை சைடு (கம்ப்ரசர் வெளியே தள்ளும் பக்கம்) ஏறிக்கொண்டே போய் 320. அதற்கு மேல் கட். பயணிகளுக்குக் காற்று வரும் கிரில்லில் 18–19 டிகிரி. ஓட்டத்தில் கேஜ் பார்க்க வழியில்லை, ஆனால் அப்போது கிரில்லில் 11 வருகிறது.

கேஸ் ஓடுவதைப் பார்க்கும் சிறு கண்ணாடியான சைட் கிளாஸில் குமிழி தெரிகிறது, கேஸ் குறைவு என்று மெக்கானிக் ஒவ்வொரு முறையும் அரை கிலோ ஏற்றுகிறார். சித்திரை பிறந்ததிலிருந்து மூன்று முறை ஆகிவிட்டது. அக்னி நட்சத்திரத்துக்குள் சரி செய்தாக வேண்டும். எதை முதலில் பார்ப்பது?

குளிர்பதனம்_மதுரை

சார், முதலில் கேஸ் ஏற்றுவதை நிறுத்துங்கள். உங்கள் ரீடிங்கே கேஸ் குறைவில்லை என்று சொல்கிறது. கேஸ் குறைந்தால் லோ, ஹை இரண்டுமே இறங்கும். உங்களுக்கு இரண்டும் ஏறியிருக்கின்றன.

ஒரு சின்னக் கணக்கு. ஆர்-134ஏ-யில் 320 பிஎஸ்ஐ என்றால், சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்குள் கேஸ் ஏறக்குறைய 74 டிகிரியில் திரவமாகிறது. வெளியே 37. வித்தியாசம் 37 டிகிரி. நல்ல நிலையில் உள்ள கண்டென்சரில் இது 15 முதல் 20-க்குள் இருக்கும். அதாவது அன்றைய வெயிலுக்கு ஹை சைடு 190–220 பிஎஸ்ஐ வந்திருக்க வேண்டும். கூரைத் தகடு கொதிப்பதால் யூனிட்டுக்குள் போகும் காற்று நிழல் வெப்பத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாக இருக்கும். அதற்கு இன்னும் 10 பிஎஸ்ஐ விட்டுக்கொடுக்கலாம், 100 விட முடியாது.

ஆக, கண்டென்சரிலிருந்து சூடு வெளியேறவில்லை. ஹைவேயில் எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்துவிடுகிறது, நின்றால் விசிறிகளை மட்டுமே நம்ப வேண்டும். மூன்று காரணம்தான் இருக்க முடியும்: காற்று போதவில்லை, உள்ளே கேஸ் அளவுக்கு மீறி இருக்கிறது, அல்லது கேஸோடு காற்று கலந்திருக்கிறது. மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம்.

முதலில் விசிறிகள். யூனிட் மூடியைத் திறக்காமல், ஏசியை ஓடவிட்டு ஏணியில் ஏறி, மளிகைக் கடை பிளாஸ்டிக் கவரில் ஒரு மெல்லிய கீற்றை ஒவ்வொரு விசிறிக்கும் மேலே பிடியுங்கள். கீற்று மேல்நோக்கிப் பறக்க வேண்டும். தளர்ந்து ஆடினால் அந்த மோட்டார் களைத்துவிட்டது. கம்பி வலையோடு ஒட்டிக்கொண்டு உள்ளே இழுத்தால் இரண்டில் ஒன்று: மோட்டார் நின்றே போயிருக்கிறது, அல்லது தலைகீழாகச் சுற்றுகிறது. பிரஷ் மோட்டார் மாற்றும்போது பிளஸ், மைனஸ் ஒயரை மாற்றிக் கொடுத்தால் தலைகீழாகத்தான் சுற்றும். கீழே நின்று பார்ப்பவருக்கு எல்லா விசிறியும் ஓடுவதாகவே தெரியும்.

நாலு விசிறியில் ஒன்று நின்றால் கால் பங்குதான் போகும் என்று நினைக்க வேண்டாம். பக்கத்து விசிறிகள் அந்த ஓட்டை வழியாகக் காற்றை இழுத்து மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று கண்டென்சரைத் தொடுவதே இல்லை.

அடுத்து கண்டென்சரின் காயில், அதாவது கேஸ் ஓடும் குழாய் வரிசை. வெளிப்பக்கம் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டு மூன்று வரிசைக் காயிலில், வரிசைகளுக்கு நடுவே தூசியும் பஞ்சும் கம்பளம் மாதிரி படிந்திருக்கும். விசிறியைக் கழற்றிவிட்டு, உள்ளிருந்து வெளிநோக்கி, காற்று வரும் திசைக்கு எதிராக, சாதாரணத் தோட்டக் குழாய்த் தண்ணீரை விடுங்கள். கறுப்புத் தண்ணீர் நின்று தெளிவாக வரும்வரை விட வேண்டும். வண்டி கழுவும் பிரஷர் வாஷரைக் கொண்டுபோகவே கூடாது. காயிலின் மெல்லிய தகடுகளான ஃபின் மடங்கி, பிறகு காற்றே நுழையாது. காஸ்டிக் சேர்ந்த பவுடர் எதுவும் வேண்டாம், அது அலுமினியத்தைத் தின்றுவிடும்.

ஆட்டோ_எலக்ட்ரிக்கல்_சேலம்

மேலே சொன்னது சரி. விசிறிக்குக் கரண்ட் முழுசாகப் போகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஐடிலில் மட்டும் புகார் என்றால் பாதிக்குப் பாதி இதுதான்.

பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு 27.8 வோல்ட் இருக்கிறது என்று திருப்தி அடைந்துவிடுகிறார்கள். மீட்டரை வைக்க வேண்டிய இடம் விசிறி மோட்டாரின் சாக்கெட். வண்டிக்குள் காற்று ஊதும் எல்லா ப்ளோயரும் ஃபுல் ஸ்பீடில், உள்விளக்குகள் எரிய, பெர்த் சார்ஜிங் பாயின்ட் எல்லாம் ஆன் செய்துவிட்டுப் பாருங்கள். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே 1 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் ஒரு ஜாயின்ட் கெட்டிருக்கிறது. பெரும்பாலும் எர்த். கூரை யூனிட்டின் எர்த் போல்ட் மழைநீரில் பச்சை பூத்திருக்கும். கழற்றி, உலோகம் மின்னும்வரை எமரி போட்டு, கிரீஸ் தடவி இறுக்குங்கள். அடுத்தபடி ரிலே சாக்கெட்டும் ஃபியூஸ் ஹோல்டரும். கையால் தொட்டுச் சுட்டால், அல்லது பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால், மாற்றிவிடுங்கள்.

பேட்டரியிலேயே 26-க்குக் கீழே போனால் ஆல்டர்னேட்டர் பக்கம் வாருங்கள். ஐடிலில் ஆல்டர்னேட்டர் தன் முழு ஆம்பியரைத் தராது. பெல்ட் தளர்ந்திருந்தால் அதையும் தராது. ஏசி போட்டதும் ஐடிலைச் சற்று உயர்த்தும் வசதி பல எஞ்சின்களில் உண்டு, அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். இரட்டை பெல்ட்டில் ஒன்று போனாலும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். புதிது ஒன்று, பழசு ஒன்று என்று போட்டால் புதிதுதான் முழுப் பாரத்தையும் இழுக்கும்.

டிசி கிளாம்ப் மீட்டர் இருந்தால் ஒவ்வொரு விசிறியின் ஆம்பியரையும் எழுதி வையுங்கள். நாலில் ஒன்று மட்டும் அதிகம் இழுத்தால் பேரிங் பிடிக்கிறது, நடுவழியில் ஃபியூஸ் போகப்போகிறது என்று பொருள்.

ஷெட்_பொறுப்பாளர்

ரொம்ப நன்றி. இரண்டு வண்டிகளில் பார்த்தாயிற்று. ஒன்றில் விசிறி ஒன்று தலைகீழாகச் சுற்றியது, ஒயரை மாற்றிக் கொடுத்தோம். இரண்டிலும் காயிலைக் கழுவினோம். முதல் வண்டி அதே வெயிலில் 225-ல் நிற்கிறது. இரண்டாவது வண்டி 280-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. விசிறி, வோல்ட் எல்லாம் சரி. கேஸ் ஜாஸ்தியா, காற்றா? எப்படித் தெரிந்துகொள்வது?

குளிர்பதனம்_மதுரை

காற்றைக் கண்டுபிடிக்க நின்ற நிலை அழுத்தம் போதும். வண்டியின் ஓய்வு நாளில், ராத்திரி முழுக்க நிழலில் நிறுத்தி, விடியற்காலையில் எஞ்சினைத் தொடாமல் கேஜை மாட்டுங்கள். தெர்மாமீட்டரைக் கண்டென்சர் காயில் மேலேயே வையுங்கள். சுத்தமான ஆர்-134ஏ என்றால் 28 டிகிரிக்கு 91, 30-க்கு 97, 32-க்கு 104, 35-க்கு 114 பிஎஸ்ஐ காட்டும். இரண்டு மூன்று பிஎஸ்ஐ கேஜின் பிழையாக இருக்கலாம். 28 டிகிரியில் 105 காட்டினால் உள்ளே காற்றோ வேறு கேஸோ இருக்கிறது. கேஸ் ஏற்றும் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றாமல் ஒவ்வொரு முறையும் அரை அரை கிலோ ஏற்றினால் காற்று சேரத்தான் செய்யும்.

அளவுக்கு மீறிய கேஸ் இதில் தெரியாது. உள்ளே திரவம் ஒரு கிலோ இருந்தாலும் ஆறு கிலோ இருந்தாலும் நின்ற நிலை அழுத்தம் ஒன்றுதான். அதற்குத் தராசு ஒன்றே வழி. சைட் கிளாஸ் குமிழியை வைத்துத் தீர்மானிக்கவே கூடாது. உள்ளே காற்று இருந்தாலும், ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர் அடைத்திருந்தாலும் குமிழி வரும். அதைக் கேஸ் குறைவு என்று எண்ணி ஏற்ற ஏற்ற, கண்டென்சரின் அடிவரிசைகள் திரவத்தால் நிரம்பி, சூட்டை வெளியேற்றும் இடம் சுருங்கும், ஹை சைடு இன்னும் ஏறும்.

எப்படியானாலும் வைத்தியம் ஒன்றுதான். கேஸை உறிஞ்சிச் சேமிக்கும் ரெகவரி மெஷினில் முழுவதையும் எடுத்து எடை போடுங்கள். வெளியே திறந்து விடாதீர்கள். ஒரு கிலோ ஆர்-134ஏ, 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும் சரக்கு. எடுத்த எடையை யூனிட் பிளேட்டில் உள்ள எடையோடு ஒப்பிட்டாலே பாதி விஷயம் புரிந்துவிடும். கேஸோடு வெளியே வந்த ஆயிலையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள், அதே அளவு திரும்ப ஊற்ற வேண்டும். கம்ப்ரசர் பிளேட்டில் எஸ்டர் ஆயில் என்றிருந்தால் எஸ்டர், பேக் ஆயில் என்றிருந்தால் பேக். இரண்டையும் கலக்க வேண்டாம். இரண்டுமே காற்றின் ஈரத்தை உறிஞ்சும், திறந்து வைத்த டின்னில் மிஞ்சியதை அடுத்த மாதம் ஊற்றாதீர்கள்.

ட்ரையரைப் புதிதாகப் போட்டு, ரெகுலேட்டர் வைத்த நைட்ரஜன் சிலிண்டரால் 150 பிஎஸ்ஐ ஏற்றி, சோப்பு நுரை தடவி லீக் பாருங்கள். ஆக்சிஜனை ஏற்றவே கூடாது, உள்ளே இருக்கும் ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். தேடும் வரிசை: ஹோஸ் கிரிம்ப் (ஹோஸ் முனையை நசுக்கிப் பொருத்திய இடம்), எஞ்சின் அறையில் பாடியோடு உரசும் டிஸ்சார்ஜ் ஹோஸ், சர்வீஸ் வால்வின் உள்முள், உள்காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர் ஓரத்து யு-வளைவுகள், கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல். சீலில் லேசான ஆயில் ஈரம் இயல்பு. சொட்டினால் மாற்ற வேண்டும்.

பிறகு வேக்கம், அதாவது உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப்பால் உறிஞ்சி எடுப்பது. 12 மீட்டர் பஸ்ஸின் பைப்புக்கு இருபது நிமிடம் போதாது. இரண்டு பக்கமும் இணைத்து, வேக்கத்தை நுட்பமாக அளக்கும் மைக்ரான் கேஜில் 500-க்குக் கீழே வரும்வரை ஓட்டுங்கள். இரண்டு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். சாதாரண கேஜில் முள் 30 அங்குலத்தைத் தொட்டதை வைத்து ஈரம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பம்ப்பை அடைத்துவிட்டு 15 நிமிடம் காத்திருங்கள். கொஞ்சம் ஏறி 1,500 வாக்கில் நின்றுவிட்டால் ஈரம் மிச்சம், நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக்.

கேஸை எடை போட்டு, எஞ்சின் நின்றிருக்கும்போதே ஹை சைடில் திரவமாக விடுங்கள். மீதியை எஞ்சினை ஓடவிட்டு லோ சைடில் ஆவியாக, மெதுவாக. ஓடும்போது ஹை சைடு வால்வைத் திறந்தால் அழுத்தம் கேஸ் சிலிண்டருக்குள் திரும்பும். சிலிண்டர் வெடிக்கும் ஆபத்து அது. ஷெட் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டிய விஷயம்.

ரீஃபர்_துறைமுகம்

கேஸ் எங்கிருந்து வாங்குகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் வாங்காதீர்கள். போலி ஆர்-134ஏ-யில் ஆர்-40 எனும் மெத்தில் குளோரைடைக் கலப்பார்கள். அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளை உண்டாக்கும். 2011-ல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்பதனக் கன்டெய்னர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்ததற்குப் பின்னால் இருந்தது இந்த ஆர்-40 தான். நம் பஸ் காயிலும் அலுமினியம் சேர்ந்ததே.

சிலிண்டரில் கேஜ் வைத்து மேலே சொன்ன அழுத்தக் கணக்கோடு ஒப்பிடலாம், ஆனால் அது பொருந்தினாலே அசல் என்று ஆகிவிடாது. ஆர்-22 எனும் வேறொரு குளிர்பதனக் கேஸையும் ஆர்-40-ஐயும் தக்க விகிதத்தில் கலந்தால் அழுத்தம் ஆர்-134ஏ போலவே காட்டும். 14 வண்டி வைத்திருப்பவர்கள் பில்லோடு, பேட்ச் எண்ணோடு வாங்குவதே பாதுகாப்பு. சந்தேகம் வந்த கேஸை உங்கள் ரெகவரி மெஷினில் ஏற்றாதீர்கள், அதிலிருந்து எல்லா வண்டிக்கும் பரவிவிடும்.

ஷெட்_பொறுப்பாளர்

இரண்டாவது வண்டியில் 28 டிகிரிக்கு 106 காட்டியது. காற்றுதான். ரெகவரிக்கு ஏற்பாடு செய்கிறேன். கடைசியாக இரண்டு கேள்வி. பின்பக்க அப்பர் பெர்த்தில் தண்ணீர் சொட்டுகிறது. கொடைக்கானல் சுற்றுலாவுக்குப் போகும் இரண்டு வண்டிகளில் ஹீட்டர் உண்டு, அதில் ஒன்றில் கேஸ், விசிறி எல்லாம் சரியாக இருந்தும் குளிர்ச்சி குறைவு.

மலைத்தடம்

ஹீட்டர் வண்டிக்கு முதலில் பதில். எஞ்சின் கூலன்ட் கூரையில் உள்ள ஹீட்டர் காயிலுக்குப் போகும் வழியில் ஒரு வால்வு இருக்கும். அது முழுசாக மூடாமல் கசிந்தால், எவாப்பரேட்டர் குளிர்வித்த காற்றை ஹீட்டர் காயில் உடனே சூடாக்கிவிடும். ஏசியை ஓடவிட்டு வால்வுக்கு அந்தப்பக்கம் உள்ள ஹோஸைக் கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் வால்வுதான். சமவெளியில் ஓடும் மாதங்களில் எஞ்சின் பக்கத்து ஷட்-ஆஃப் வால்வை மூடி வையுங்கள். மாதம் ஒருமுறை திறந்து மூடுங்கள், இல்லாவிட்டால் மலை ஏறும் அன்று பிடித்துக்கொண்டு திறக்காது. திறந்த பிறகு ஏர் லாக் (கூலன்ட் வழியில் சிக்கிய காற்று) எடுக்க வேண்டும். கூரைதான் உயரமான இடம் என்பதால் காற்று அங்கேதான் தங்கும், ஹீட்டர் போட்டாலும் வெதுவெதுப்புகூட வராது. முன்கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் மாதிரி படிந்து, இனிப்பு வாடை அடித்தால், கண்ணாடிப் பனியைப் போக்கும் டிமிஸ்டரின் காயிலில் ஓட்டை. ஓட்டுநரின் பார்வை சம்பந்தப்பட்டது, அடுத்த ட்ரிப்புக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

மழைக்காலத்தில் கண்ணாடி உள்பக்கம் பனித்தால் ஏசியும் ஹீட்டரும் சேர்த்துப் போட வேண்டும், ஏசி ஈரத்தை எடுத்துவிடும். வெளிப்பக்கம் பனித்தால் கண்ணாடி அளவுக்கு மீறிக் குளிர்ந்திருக்கிறது. வைப்பரைப் போட்டு, காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிட்டால் போதும்.

சொட்டும் தண்ணீருக்கு: எவாப்பரேட்டர் தட்டில் அரை லிட்டர் தண்ணீரை ஊற்றி, வண்டிக்கு அடியில் டிரெயின் வாயிலிருந்து எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று இரண்டு பக்கமும் பாருங்கள். சிணுங்கிச் சிணுங்கி வந்தால் அடைப்பு. டிரெயின் வாயில் உள்ள ரப்பர் நாக்கு சேற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை முதலில் பிரியுங்கள். டிரெயின் சுத்தமாக இருந்தும் சொட்டினால், உள்காற்று யூனிட்டுக்குத் திரும்பும் வழியில் உள்ள ரிட்டர்ன் ஃபில்டரைக் கழற்றுங்கள். போர்வைப் பஞ்சு அடைத்து, காயிலில் ஐஸ் கட்டி, அது உருகும்போதுதான் தட்டு தாங்காமல் வழியும். ஸ்லீப்பர் வண்டிக்கு வெயில் காலத்தில் வாரம் ஒருமுறை ஃபில்டர் கழுவ வேண்டும். பின்பக்கம் மட்டும் என்பதால் டக்ட்டின் இன்சுலேஷன் பிரிந்து தகடு வியர்க்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஓய்வில் நிற்கும் வண்டியிலும் வாரம் 10 நிமிடம் ஏசியை ஓட்டுங்கள். ஷாஃப்ட் சீல் உலர்ந்தால் அதிலிருந்துதான் அடுத்த லீக் தொடங்கும்.