யாம்ல் ஃபைலைத் திருத்திச் சேமித்தால் கமெண்ட் எல்லாம் போய்விடுகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. நோட்-ஜேஎஸ்ஸில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். வேலை இவ்வளவுதான்: கான்ஃபிக் யாம்ல் ஃபைலை (செட்டிங்குகளை எழுதிவைக்கும் டெக்ஸ்ட் ஃபைல்) படித்து, வெர்ஷன் எண்ணை மட்டும் மாற்றி, அதே ஃபைலில் எழுத வேண்டும். யாம்லைப் படித்து எழுத ஜேஎஸ்-யாம்ல் 4.1 லைப்ரரியைப் பயன்படுத்துகிறேன்.

முதல் தலைவலி தேதி. ஃபைலில் 2024-03-10 என்று இருப்பது லோட் செய்ததும் டேட் ஆப்ஜெக்ட் ஆகிவிடுகிறது. டம்ப் செய்தால் (திரும்ப யாம்லாக எழுதினால்) 2024-03-10T00:00:00.000Z என்று வால் முளைத்து வருகிறது. சரி என்று டீஃபால்ட் ஸ்கீமாவிலிருந்து (எந்த மதிப்பை எந்த டைப்பாகப் படிப்பது என்ற விதித்தொகுப்பு) கோர் ஸ்கீமாவுக்கு மாற்றினேன். தேதி அப்படியே ஸ்ட்ரிங்காக நின்றது. ஆனால் "<<" போட்டு ஆங்கரை (பெயரிட்டு வைத்த பகுதியை) மெர்ஜ் செய்திருந்த இடமெல்லாம் படுத்துவிட்டது, ஏனென்றால் மெர்ஜும் டைம்ஸ்டாம்ப்பும் (தேதி டைப்) டீஃபால்ட் ஸ்கீமாவில்தான் இருக்கின்றன. கோர் ஸ்கீமாவை எக்ஸ்டெண்ட் செய்து மெர்ஜ் டைப்பை மட்டும் சேர்த்ததில் அது தீர்ந்தது. (இதே சிக்கலில் யாராவது மாட்டியிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.)

தீராதது கமெண்ட்தான். இந்த லைப்ரரி கமெண்ட்டை வைத்துக்கொள்வதே இல்லை. "இந்த போர்ட்டைத் தொடாதே" மாதிரி வரிகள் எங்கள் டீமுக்கு உயிர்நாடி.

'யாம்ல்' என்ற பெயரிலேயே இருக்கும் இன்னொரு பேக்கேஜில் பார்ஸ்-டாக்குமென்ட் என்ற ஃபங்ஷன் கமெண்ட்டோடு படிக்கும் என்று தெரியும். அதை வைத்து ஒரே ஒரு வேல்யூவை மாற்றி எழுதியவர்கள் இருக்கிறீர்களா? ஆங்கர், மேற்கோள் குறி, காலி வரி எல்லாம் இருந்தபடியே வருகிறதா? கிட் டிஃப்பில் (பழைய ஃபைலுக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுவது) ஒரு வரி மட்டும் மாறியதாகத் தெரிந்தால் போதும். ரெஜெக்ஸ் (பேட்டர்ன் வைத்துத் தேடி மாற்றுவது) போடச் சொல்லாதீர்கள், வெர்ஷன் என்ற கீ நாலைந்து இடத்தில் வருகிறது.